முகப்புப் பக்கமும் மூன்று நிமிடமும்

சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். துவாரகாவில் எதிர்க் கட்டடம் தெரியாத பனிமூட்டம். தொலைபேசி மணி அடித்தது. எதிர்முனையில் ஓர் இளைஞர்; விருதுநகர்ப் பக்கத்துப் பேச்சு. "ஐயா, அம்மாவ எய்ம்ஸுக்குக் கூட்டியாந்திருக்கேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நாலு மணி நேரம் லேட். உங்க சங்கத்து வெப்சைட்ல தங்குற எடமெல்லாம் போட்டிருக்குன்னு சொன்னாங்க. அர மணி நேரமா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு, தெறக்க மாட்டேங்குது" என்றார். கூடப் பயணம் செய்த ஒருவர் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்.

என்னிடம் பழைய நோட்டுப்புத்தகம் ஒன்று உண்டு. அதிலிருந்து மருத்துவமனைக்கு அருகிலுள்ள தர்மசாலைகளையும் விஷ்ராம் சதனையும் படித்துச் சொன்னேன். புது தில்லி நிலையத்திலிருந்து மஞ்சள் தட மெட்ரோவில் ஏறினால் மாறாமல் எய்ம்ஸ் வாசலிலேயே இறங்கலாம் என்றும் சொன்னேன். அவர் நன்றி கூறி வைத்துவிட்டார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அந்தப் பட்டியலைத் தொகுத்தவர்களில் நானும் ஒருவன். எழுதி, சரிபார்த்து, தளத்தில் ஏற்றி, "நம்மவர்களுக்கு உதவும்" என்று கூட்டத்தில் கைதட்டலும் வாங்கியாயிற்று. உதவி தேவைப்பட்ட அன்று அது திறக்கவில்லை.

நான் அங்கம் வகிக்கும் அந்தச் சிறு அமைப்பின் பெயர் இங்கே வேண்டாம். குறை அதற்கு மட்டும் உரியதன்று. வெளிமாநிலத் தமிழ் அமைப்புகள் பலவற்றின் வலைத்தளங்களை இந்தச் சில மாதங்களில் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் ஒரே நோய்தான். அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லவே இக்கட்டுரை.

நான் கணிப்பொறி படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்துவிட்டு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் சேர்ந்து முப்பத்தைந்து ஆண்டுக் காலம் ரிலே, கேபிள், டிராக் சர்க்யூட் என்று உழன்றவன். குருகிராமில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் என் அண்ணன் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, உலாவியில் எஃப்12 என்ற பொத்தானை அழுத்தி, "சித்தப்பா, இதுல நெட்வொர்க்னு இருக்கு பாருங்க. எந்தச் சாமான் எப்ப கெளம்பி எப்ப வந்து சேருதுன்னு காட்டும்" என்றாள். பார்த்தேன். அச்சு அசலாக எங்கள் கண்ட்ரோல் அறையில் ரயில்களின் ஓட்டத்தைக் கோடு கோடாக வரையும் சார்ட்தான்! அதற்குப் பிறகு எனக்கு ஆசிரியர் தேவைப்படவில்லை.

எங்கள் முகப்புப் பக்கத்தின் மொத்த எடை 21 எம்.பி. அதில் பொங்கல் விழாப் படங்கள் ஆறு. ஒவ்வொன்றும் மூன்று எம்.பி.க்குக் குறையாது. கேமராவிலிருந்து எடுத்தபடியே, 4,000 புள்ளி அகலத்தில் ஏற்றியிருக்கிறார்கள். கைப்பேசித் திரையின் அகலமோ பெரும்பாலும் 1,080 புள்ளி. ஆக 18 எம்.பி. படத்துக்கே போயிற்று. தலைப்புக்கு ஒன்று, உள்ளே ஒன்று, அழகுக்கு இரண்டு என நான்கு தமிழ் எழுத்துருக்கள் சேர்ந்து 1.2 எம்.பி. மிச்சம் 1.8 எம்.பி. செருகுநிரல்களின் கைங்கரியம். நிலையத்து நெரிசலில், சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று ஊசலாடும்போது, கைப்பேசிக்கு விநாடிக்கு ஒரு மெகாபிட் கிடைத்தால் அதிர்ஷ்டம். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 21-ஐ எட்டால் பெருக்குங்கள், 168 விநாடி. ஏறத்தாழ மூன்று நிமிடம், இடையில் எதுவும் அறுபடாமல் இருந்தால். அறுந்தால் முதலிலிருந்து.

இனி செருகுநிரல். ஆங்கிலத்தில் ப்ளக்-இன் என்பார்கள். 2003-இல் தொடங்கிய வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில்தான் இத்தகைய தளங்களில் பெரும்பாலானவை ஓடுகின்றன. அதன் சிறப்பே, வேண்டிய வசதியை ஒரு சிறு நிரலாகப் பெட்டி கோப்பதுபோல் கோத்துக்கொள்ளலாம் என்பது. நாட்காட்டி வேண்டுமா, ஒரு பெட்டி. படக்காட்சி வேண்டுமா, இன்னொரு பெட்டி. கோப்பது சுலபம், கழற்ற யாருக்கும் மனம் வருவதில்லை. ஒவ்வொரு செயற்குழுவும் தன் பங்குக்கு இரண்டு மூன்றைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறது. எங்கள் தளத்தில் எண்ணிப் பார்த்தபோது இருபத்தேழு. திரையில் பூ உதிர்வதற்கென்றே ஒன்று இருந்தது. எந்தச் செயலர் காலத்துப் பூ என்று யாருக்கும் நினைவில்லை.

விருதுநகர் இளைஞரின் கதையை நான் சொன்னதும் எங்கள் இளம் செயலர் பதறிப்போனார். நல்ல மனிதர், சுறுசுறுப்பும் உண்டு. அன்று மாலையே "தளத்தை வேகப்படுத்தும்" செருகுநிரல் ஒன்றைப் புதிதாகக் கோத்தார். கூடவே, புது பதிப்பு வேகமானது என்று எங்கோ கேட்டு, தளம் ஓடும் பி.எச்.பி. மொழியை 7.4-லிருந்து 8-க்கு உயர்த்தினார். மறுநாள் காலை தளத்தில், ஏதோ கடுமையான பிழை நேர்ந்துவிட்டது என்ற ஒற்றை வரியைத் தவிர வேறெதுவும் இல்லை. மெதுவாகவேனும் வந்துகொண்டிருந்த வண்டி நின்றேவிட்டது.

இந்த இடத்தில் சற்றுக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. சிக்னல் பிரிவில் ஓடும் கருவியைத் தொடுமுன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுத்துக் கையெழுத்து வாங்கவேண்டும். வேலை முடிந்து சோதித்தபின் ரீகனெக்‌ஷன் மெமோ. காகிதக் கெடுபிடி என்று இளவயதில் நானே முணுமுணுத்ததுண்டு. ஆனால் எதை, எப்போது, யார் மாற்றினார் என்பது எழுத்தில் இருந்தால்தான் பழுதைத் தேட முடியும். செயலர் ஒரே மாலையில் இரண்டை மாற்றினார், எங்கும் குறிக்கவில்லை, மாற்றுமுன் நகலும் எடுத்துவைக்கவில்லை. மறுநாள், எது காரணம் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. 2019-இல் வந்த 5.2 பதிப்பு முதல், இப்படித் தளம் விழுந்தால் வேர்ட்பிரஸ் தானே நிர்வாகிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எந்தச் செருகுநிரல் மீது ஐயம் என்றும், உள்ளே நுழைய ஒரு தனி வழியையும் தெரிவிக்கும். எங்கள் தளமும் அனுப்பியது. ஐந்தாண்டுக்கு முன் புனேக்கு மாற்றலாகிப் போன முன்னாள் செயலரின் முகவரிக்கு! அவர் அதை விளம்பரம் என்று எண்ணி அழித்துவிட்டார்.

பழுதைத் தேடிய விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், வேறு சங்கத்தாருக்கும் பயன்படும். தளம் இருக்கும் சர்வரில் செருகுநிரல்களுக்கென்று ஒரு கோப்புறை உண்டு. அதன் பெயரை மாற்றிவிட்டால் அத்தனை செருகுநிரலும் ஒரே அடியாய்ச் செயலிழக்கும். மாற்றினோம், தளம் எழுந்து நின்றது. ஆகவே பழுது மூலமென்பொருளில் இல்லை, கோத்த பெட்டிகளில் ஏதோ ஒன்றில்தான் என்பது உறுதியாயிற்று. பெயரைத் திருப்பி வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்ப்பதே வழக்கம் என்றார் செயலர். இருபத்தேழு முறையா? பல கிலோமீட்டர் கேபிளில் எங்கோ எர்த் ஃபால்ட் என்றால் நாங்கள் ஒவ்வொரு பெட்டியாய்த் திறந்துகொண்டே போவதில்லை. நடுவிலுள்ள லொகேஷன் பாக்ஸில் துண்டித்து, பழுது எந்தப் பாதியில் என்று மீட்டர் வைத்துப் பார்ப்போம். பிறகு அந்தப் பாதியின் பாதி. இருபத்தேழில் பாதி பதினான்கு, அதில் ஏழு, பிறகு நாலு, இரண்டு, ஒன்று. ஐந்தாவது சோதனையில் ஆள் அகப்பட்டார்: விழா நாட்காட்டிச் செருகுநிரல். அதை எழுதியவர் கைவிட்டுப் பல ஆண்டுகளாகிவிட்டன. பி.எச்.பி. 8-இல் நீக்கப்பட்டுவிட்ட 'ஈச்' என்ற பழைய கட்டளையை அது இன்னமும் நம்பிக்கொண்டிருந்தது.

இம்முறை எப்போதும் பலிக்கும் என்று எண்ணவேண்டாம். தனித்தனியே ஒழுங்காக இருக்கும் இரண்டு, சேர்ந்தால் மட்டும் முட்டிக்கொள்வதுண்டு. அப்போது பாதி பாதியாய்ப் பிரித்தால் இரு பாதியுமே நல்லபிள்ளையாகத் தோன்றும். எங்களுக்கு அதுவும் வாய்த்தது. தளம் எழுந்த பிறகும் அறிவிப்புப் பலகையில் சென்ற ஆண்டுப் பொங்கல் அழைப்பே வந்து நின்றது. புதுப்பித்தால் சிலருக்குப் புதியது, சிலருக்குப் பழையது. காரணம், பக்கங்களை முன்கூட்டியே சமைத்து வைத்துப் பரிமாறும் 'கேஷ்' செருகுநிரல் ஏற்கெனவே ஒன்று இருந்தது. செயலர் கோத்தது இரண்டாவது. இவ்வகை நிரல்கள் உட்கார வேர்ட்பிரஸில் ஒரே ஒரு கோப்புதான் நாற்காலியாக உண்டு. இருவரும் அதற்கே மல்லுக்கட்டியிருக்கிறார்கள். வேகத்துக்காகக் கோத்தது வேகத்தையும் கெடுத்தது, செய்தியையும் கெடுத்தது.

பழுதெல்லாம் நீங்கியும் பக்கம் இருபது விநாடிக்கு மேல் வெள்ளையாகவே நின்றதுதான் எனக்குப் பெரும் புதிராக இருந்தது. எஃப்12 சார்ட்டைப் பார்த்தால் ஒரே ஒரு கோடு மட்டும் வலதுபுறம் நீண்டுகொண்டே போகிறது. "தாங்கள் இத்தனையாவது பார்வையாளர்" என்று காட்ட என்றோ வைத்த எண்ணிக்கைப் பலகை! அதை வழங்கிய நிறுவனம் மூடப்பட்டு எத்தனை காலமோ. உலாவி அந்தச் செத்த முகவரிக்கு ஆள் அனுப்பி, பதில் வரும்வரை மற்ற வேலையை நிறுத்திவைத்துக் காத்திருக்கிறது. அடுத்த நிலையத்து பிளாக் கருவி பதில் சொல்லாவிட்டால் வண்டியை விடக்கூடாது என்பது ரயிலில் உயிர் காக்கும் விதி. பார்வையாளர் எண்ணிக்கைக்கு அவ்விதி எதற்கு? அந்த ஒரு வரியை நீக்கியதும் வெள்ளைத் திரை போயிற்று. 

பிறர் வீட்டு நிரலை நம் வாசலில் கட்டிவைப்பதில் வேகக் குறைவைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. 2024 ஜூனில், பாலிஃபில் என்ற பொதுச் சேவையின் முகவரி கைமாறி, அதை நம்பி இணைத்திருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களின் வழியே தீய நிரல் பரவியது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஐம்பது லட்சம் தளங்களுக்கு மேல் பயன்படுத்தும் லைட்ஸ்பீட் கேஷ் என்ற வேகச் செருகுநிரலிலேயே பெரிய ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தம் வெளியிடப்பட்டது. ஆகவே கோத்த ஒவ்வொரு பெட்டிக்கும் பராமரிப்பு உண்டு, பொறுப்பாளரும் வேண்டும். பூ உதிரும் பெட்டிக்கு எங்களில் யார் பொறுப்பு?

செயற்குழுவில் இதையெல்லாம் சொன்னபோது எழுந்த எதிர்வாதம்: "சார், பெரிய சர்வர் வாங்கினால் தீர்ந்தது. ரயில்வே டிக்கெட் தளம் அப்படித்தானே சரியானது?" என்னை மடக்க என் துறையையே எடுத்தார்கள்! அதைச் சற்றுப் பார்ப்போம். 2002 ஆகஸ்ட் 3-ஆம் நாள் தொடங்கிய அத்தளம், தத்கால் நேரத்தில் திணறியதை அறியாத தில்லித் தமிழர் இருக்க முடியாது. 2014 ஆகஸ்டில் புதிய அமைப்பு வந்தது. அதற்குமுன் நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆயிற்று. ஒரே நேரத்தில் தாங்கும் பயனர் எண்ணிக்கை 40,000-லிருந்து 1,20,000 ஆக உயர்ந்தது. திணறல் குறைந்தது, தீரவில்லை. 2015 ஜூனில், குளிர்வசதி வகுப்புக்குப் பத்து மணி, மற்றதற்குப் பதினொன்று என்று கூட்டத்தையே இரண்டாகப் பிரித்தார்கள். என்னைக் கேட்டால் பைசாச் செலவில்லாத அருமையான பொறியியல் அது.

பிறகும் நெரிசல் ஏன்? வாசலில் நின்றவர்கள் எல்லாரும் மனிதர்கள் அல்லர். படிவத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நிரப்பும் கள்ளச் செருகுநிரல்கள் சந்தையில் விற்றன. 2017 டிசம்பரில் இத்தகைய மென்பொருளை எழுதி விற்றதான குற்றச்சாட்டில் சி.பி.ஐ. தன்னிடமே பணியாற்றிய உதவி புரோகிராமர் ஒருவரைக் கைது செய்தது. 2020-இல் ரயில்வே பாதுகாப்புப் படை 'ரியல் மேங்கோ' என்ற ஒன்றை முறியடித்தது. தத்கால் திறக்கும் முதல் ஐந்து நிமிடங்களில் நுழைவு முயற்சிகளில் பாதிவரை இயந்திரங்களுடையவை என்று 2025-இல் ரயில்வேயே தெரிவித்தது. இரண்டரைக் கோடிக் கணக்குகளை முடக்கினார்கள். படம் போன்ற மாறாத சரக்குகளைப் பல ஊர்க் கிடங்குகளில் முன்கூட்டியே வைத்து அருகிலிருந்து வழங்கும் சி.டி.என். ஏற்பாட்டையும் செய்தார்கள். 2025 மே 22 காலை பத்து மணிக்கு ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட் பதிவாயிற்று. ஜூலை முதல் இணையத் தத்காலுக்கு ஆதார் சரிபார்ப்பு. முதல் அரை மணி நேரம் முகவர்களுக்கு இடமில்லை.

சர்வரை மட்டும் பெரிதாக்கியா இது நடந்தது? சுமையைப் பிரித்தார்கள், வேண்டாததை வாசலிலேயே தடுத்தார்கள், சரக்கை அருகில் வைத்தார்கள். மேலும் அவர்களுடைய நோய் கூட்டம். நம் தளத்துக்கு ஒரு நாளில் வருவோர் நாற்பது பேர் இருந்தால் அதிகம். நாற்பது பேருக்கு நெரிசல் ஏது? நம் நோய் பருமன். எத்தனை பெரிய சர்வர் வாங்கினாலும் 21 எம்.பி. அந்த இளைஞரின் கைப்பேசிவரை அதே ஒற்றைக் கோட்டுச் சிக்னலில்தான் போய்ச் சேரவேண்டும்.

என் அண்ணன் மகளும் நானும் இரண்டு ஞாயிறு உட்கார்ந்தோம். இருபத்தேழு செருகுநிரல் எட்டாயிற்று. ஆறு படம் ஒன்றாயிற்று. அதை 1,080 புள்ளிக்குச் சுருக்கி வெப்பி என்ற வடிவில் மாற்றியதும் 120 கே.பி.க்கு வந்தது. கீழே உருட்டும்போது மட்டும் படம் வரும் 'லேசி லோட்' வசதியை முதல் படத்துக்கு வைக்கவேண்டாம், அது கண்ணெதிரே தெரியும் படத்தையே தாமதப்படுத்தும் என்றாள். எழுத்துரு நான்கை எடுத்துவிட்டோம். இன்றைய கைப்பேசிகளில் தமிழ் எழுத்து உள்ளேயே இருக்கிறதே. எழுத்துருவைச் சுமந்து அனுப்பவேண்டிய காலம் ஒன்று இருந்தது. ஊருக்கு ஒரு எழுத்துக் குறியீடு, பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு என்றிருந்த அந்நாளில், 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூட்டித் தரம் வகுத்தோம். பின்னர் யூனிகோடு வந்து அத்தொல்லையை ஒழித்தது. ஒழிந்த தொல்லையை அழகுக்காகத் திரும்ப அழைப்பானேன்?

இப்போது முகப்பு 400 கே.பி. விநாடிக்கு ஒரு மெகாபிட்டில் மூன்று விநாடி சொச்சம். முக்கிய உள்ளடக்கம் இரண்டரை விநாடிக்குள் தெரியவேண்டும் என்று கூகுள் ஓர் அளவு வைத்திருக்கிறது. நல்ல சிக்னலில் அதற்குள் வந்துவிடுகிறோம். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் பிடிக்கும். அப்படிப் பார்த்தாலும் தாங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரை முழுவதும் சுமார் 50 கே.பி.தான், சுருக்கி அனுப்பினால் இன்னும் குறையும். எழுத்துக்கு ஒருநாளும் பாரமில்லை. எய்ம்ஸ் தங்குமிடப் பட்டியல், இறுதிச்சடங்கு உதவிக்கு அழைக்கவேண்டிய மூன்று தொலைபேசி எண்கள், இரத்த தானம் செய்வோர் விவரம் ஆகிய மூன்றும் இப்போது படம் வருமுன்பே மேலே வந்துவிடுகின்றன. மாற்றம் செய்தால் தேதியிட்டுக் குறிக்க ஒரு நோட்டும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மெமோ என்றே அட்டையில் எழுதியிருக்கிறது.

எல்லாருக்கும் இது பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். "சார், முகப்பு மொட்டையாக இருக்கிறது, விளம்பரதாரர் என்ன நினைப்பார்கள்?" என்கிறார் பொருளாளர். விழாப் படத்தில் தங்கள் குழந்தை இருந்ததே என்று இரண்டு தாய்மார்கள் வருத்தப்பட்டார்கள். அவ்வருத்தம் நியாயமானது, படங்களுக்கென்று தனிப்பக்கம் வைத்திருக்கிறோம். ஆனால் ஆண்டு விழாவை ஒட்டி, பின்னணியில் வீடியோ ஓடும் புதிய முகப்பை நாற்பதாயிரம் ரூபாயில் அமைக்கலாம் என்று ஒரு தீர்மானம் வரும் பொதுக்குழுவில் இருக்கிறது. நான் எதிர்த்து வாக்களிக்கப் போகிறேன். அந்தப் பணத்தில் பட்டியலை மாதம் ஒருமுறை தொலைபேசியில் சரிபார்க்க ஒரு மாணவருக்குச் சிறு ஊதியம் கொடுக்கலாம் என்பது என் மாற்றுத் தீர்மானம். முன்மொழிய ஆள் இருக்கிறேன், வழிமொழிய ஒருவர் தேவை.

கூட்டத்துக்கு என்னுடைய ஆறு வருடத்துப் பழைய கைப்பேசியைக் கொண்டுவருகிறேன். புதிய முகப்பின் மாதிரியை வடிவமைப்பாளர் ஏற்கெனவே அனுப்பியிருக்கிறார். இரண்டையும் மேடையில் வைத்துத் திறந்து காட்டுவேன். சங்கத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பொருளாளரே பார்த்துக்கொள்ளட்டும்.